பிலைசு பாஸ்கல்

பிலைசு பாஸ்கல் (ஜூன் 19, 1623 – ஆகஸ்ட் 19, 1662) பிரான்சு நாட்டைச் சேர்ந்த கணிதவியலாளரும், இயற்பியலாளரும், சமயச் சிந்தனையாளரும் ஆவார். கூம்பு வெட்டுகள் பற்றிய தேற்றம், கணக்கிடும் பொறி, காற்றழுத்தம் பற்றிய சோதனைகள் ஆகியவற்றுக்காக இவர் அறியப்படுகிறார். 1654 ஆம் ஆண்டில் பியேர் டி பெர்மாவுடன் இவர் நடத்திய மடல் போக்குவரத்து நிகழ்தகவுக் கோட்பாட்டின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. ஒரு வெற்றி கிடைக்க எத்தனை முயற்சிகள் தேவைப்படும், குறிப்பிட்ட எண்ணிக்கையிலான வெற்றிகள் கிடைக்க எத்தனை முயற்சிகள் தேவைப்படும் என்னும் இரு கேள்விகள் அம்மடல்களின் மையமாக உள்ளன. முதற் கேள்வி இன்று பெருக்குப் பரவல் என்றும், இரண்டாவது எதிர்ம ஈருறுப்புப் பரவல் அல்லது பாஸ்கல் பரவல் என்றும் அழைக்கப்படும் நிகழ்தகவுப் பரவல்களுக்கு இட்டுச் செல்கிறது.

இளமை

பாஸ்கல் பிரான்சின் ஓவெர்ன் பகுதியில் உள்ள கிளெர்மோன் நகரில் பிறந்தார். தந்தை எட்டியேன் பாஸ்கல் வரி தொடர்பான அரசுப் பணியில் இருந்தவர், கணிதத்தில் தேர்ந்தவர். தாய் அந்துவானெத் பெகோன், பாஸ்கலுக்கு மூன்று வயதாக இருந்தபோது இறந்தார். இவருக்கு ஜில்பேர்த் என்ற அக்காவும் ஜாக்லின் என்ற தங்கையும் இருந்தனர். 1631 இல் குடும்பம் பாரிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது.

எட்டியேன் தம் மகனைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பித்தார். மொழிகளைக் கற்று முடிக்கும்வரை கணிதம் வேண்டாம் என்று அவர் கருதினார். ஆயினும் 12 வயதுச் சிறுவனான பாஸ்கல், முக்கோணம் ஒன்றின் கோணங்களின் கூட்டுத்தொகை இரு செங்கோணங்களுக்குச் சமம் என்பதைத் தாமே கண்டறிந்தார் என்று ஜில்பேர்த் தாம் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் குறிப்பிடுகிறார். அதன்பின் தந்தை தடையை நீக்கினார். மாரின் மெர்சென் என்னும் துறவி பாரிசில் நடத்திவந்த அறிஞர் கூட்டங்களுக்கும் மகனை அழைத்துச் சென்றார். 16 வயதில் பாஸ்கல் கூம்பு வெட்டுகளைப் பற்றிய ஒரு சிறு கட்டுரையை எழுதினார்; அது 1640 இல் அச்சானது. கூம்பு வெட்டு ஒன்றில் வரையப்படும் அறுகோணத்தின் எதிர்ப் பக்கங்கள் சந்திக்கும் மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் அமையும் என்பது இன்று பாஸ்கல் தேற்றம் எனப்படுகிறது.

கணக்கிடும் பொறியும் வெற்றிடச் சோதனைகளும்

1638 இல் அரசின் கடன் பத்திரக் கொள்கையை எதிர்த்தவர்களுள் ஒருவராக இருந்த எட்டியேன், கர்தினால் ரிசெலியூவின் சினத்துக்கு அஞ்சிப் பாரிசை விட்டு வெளியேற நேர்ந்தது. மறு ஆண்டு ரிசெலியூவின் முன் நடந்த நாடகம் ஒன்றில் சிறுமி ஜாக்லின் நடித்துத் தந்தைக்கு மன்னிப்புப் பெற்றுத் தந்தாள். அதன்பின் எட்டியேன் ரூவான் நகரில் வரி அதிகாரியாக நியமிக்கப்பட்டார். தந்தை இரவு பகலாகச் செய்த வரிக் கணக்குகளை எளிதாக்கும் பொருட்டு, 1642 முதல் பாஸ்கல் ஒரு கணக்கிடும் பொறியை உருவாக்கத் தொடங்கினார். பற்சக்கரங்களால் இயங்கி, கூட்டலின் போது மேல் இலக்கத்துக்குத் தானே எடுத்துச்செல்லும் இப்பொறி பாஸ்கலின் எனப்பட்டது. விலை மிகுந்திருந்ததால் அது பரவலாக விற்பனையாகவில்லை.

1646 இல் இத்தாலியரான டொரிசெல்லியின் பாதரசக் குழாய்ச் சோதனையைப் பாஸ்கல் ரூவானில் செய்து பார்த்தார். குழாயில் பாதரசத்தைத் தாங்குவது வெளிக்காற்றின் எடையே என்றால், மலை உச்சியில் பாதரசத்தின் உயரம் குறைய வேண்டும். உடல்நலம் குன்றியிருந்த பாஸ்கலின் வேண்டுகோளின்படி, ஜில்பேர்த்தின் கணவர் புளோரின் பெரியே செப்டம்பர் 19, 1648 அன்று கிளெர்மோனுக்கு அருகிலுள்ள புய் டெ டோம் மலையில் ஏறி இதனைச் சோதித்தார். பாதரசத்தின் உயரம் ஏறத்தாழ 3 அங்குலம் குறைந்தது.

எட்டியேன் 1651 இல் இறந்தார். மறு ஆண்டு ஜாக்லின் போர்-ரோயால் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். தனித்து விடப்பட்ட பாஸ்கல் பாரிசில் மேட்டுக்குடியினருடன் பழகினார். அவர்களுள் ஒருவர், செவாலியே டெ மேரே என்று அழைக்கப்பட்ட அந்துவான் கோம்போ. நிகழ்தகவு பற்றிய கேள்விகள் பாஸ்கலிடம் வந்தது இவர் வழியாகவே.

டெ மேரேயின் ஐயம்

ஒரு பகடையை 4 முறை உருட்டினால் ஒரு முறையாவது 6 விழும் என்று பந்தயம் கட்டுவது ஆதாயமானது என்பது அக்காலச் சூதாடிகளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு பகடையில் 6 வழிகள். இரு பகடைகளில் 36 வழிகள். ஆகவே 6-க்கு 4 என்றால் 36-க்கு 24 என்ற விகித அடிப்படையில், இரு பகடைகளையும் 24 முறை உருட்டினால் ஒரு முறையாவது இரட்டை 6 விழும் என்று பந்தயம் கட்டுவதும் ஆதாயமாக இருக்க வேண்டும். ஆனால் அது நட்டமாகவே முடியும் என்று டெ மேரே கண்டார். எண்கணிதம் தன்னைத்தானே மறுக்கிறது என்று அவர் குறைகூறியதைப் பாஸ்கல் பெர்மாவுக்குத் தெரிவித்துள்ளார்.

இங்கே எண்கணிதத்தில் முரண்பாடு ஏதும் இல்லை. ஓர் உருட்டலில் 6 விழாமல் இருக்கும் நிகழ்தகவு 5/6. நான்கு உருட்டல்களிலும் விழாமல் இருக்கும் நிகழ்தகவு (5/6)⁴, அதாவது 625/1296. எனவே ஒரு முறையாவது விழும் நிகழ்தகவு 671/1296, ஏறத்தாழ 0.518. இரட்டை 6-க்கு இதே முறையில் 24 உருட்டல்களில் ஏறத்தாழ 0.491 கிடைக்கிறது, 25 உருட்டல்களில் அது 0.506 ஆக உயர்கிறது. தோல்விக்கான நிகழ்தகவு ஒவ்வொரு உருட்டலிலும் பெருக்கிக்கொண்டே செல்கிறது. அதனை நேர் விகிதத்தால் அளக்க முற்பட்டதே டெ மேரேயின் பிழை.

முதல் வெற்றிக்கான காத்திருப்பு

பெர்மா தூலூஸ் நகரின் உயர் நீதிமன்றத்தில் பணியாற்றிய வழக்கறிஞர். கணிதத்தை ஓய்வு நேரத்தில் செய்தவர். எஞ்சியுள்ள மடல்களுள் முதலாவதாகக் கருதப்படும் அவருடைய மடலில் நாள் குறிக்கப்படவில்லை. எட்டு உருட்டல்களுக்குள் குறிப்பிட்ட ஓர் எண்ணைப் பகடையில் விழச் செய்வதாக ஒருவர் பந்தயம் கட்டுகிறார் என்பது அதில் ஆராயப்படும் கணக்கு. முதல் உருட்டலை அவர் விட்டுக்கொடுத்தால் அதற்கு ஈடாகப் பந்தயப் பணத்தில் 1/6 பங்கு பெற வேண்டும். இரண்டாவதையும் விட்டுக்கொடுத்தால் எஞ்சியதில் 1/6, அதாவது மொத்தத்தில் 5/36. மூன்றாவதற்கு 25/216. நான்காவதற்கு 125/1296.

இந்த எண்கள் முதல் வெற்றி முறையே 1, 2, 3, 4 ஆவது உருட்டலில் கிடைப்பதற்கான நிகழ்தகவுகளே. ஒவ்வொன்றும் முந்தியதன் 5/6 பங்கு. இவ்வாறு பெருக்குத் தொடராக அமைவதால்தான் இப்பரவல் பெருக்குப் பரவல் எனப்படுகிறது. ஒரு முயற்சியில் வெற்றிக்கான நிகழ்தகவு ப எனில், ந ஆவது முயற்சியில் முதல் வெற்றி கிடைக்கும் நிகழ்தகவு:

(1 − ப)ⁿ⁻¹ × ப (இங்கு அடுக்கு, ந-இல் ஒன்று குறைவு)

இதன் சராசரி 1/ப. பரவற்படி (1 − ப)/ப². பகடையில் 6 விழுவதற்குச் சராசரியாக 6 உருட்டல்கள் தேவைப்படும். ஆனால் 4 உருட்டல்களுக்குள்ளேயே அது விழுவதற்கான வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடுகிறது. அரிதாக நேரும் மிக நீண்ட காத்திருப்புகள் சராசரியை மேலே இழுப்பதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

பெர்மாவின் மடலில் மேலும் ஒரு நுட்பம் உள்ளது. மூன்று முறை உருட்டியும் எண் விழாத நிலையில் நான்காவது உருட்டலை விட்டுக்கொடுப்பவருக்கு 125/1296 பங்கு சேரவேண்டும் என்று பாஸ்கல் எழுதியிருந்தார். பெர்மா அதனை மறுத்தார். மூன்று உருட்டல்களும் வீணானதால் பந்தயப் பணம் முழுவதும் இன்னும் ஆட்டத்தில்தான் உள்ளது. எனவே சேரவேண்டிய பங்கு 1/6 என்பது அவர் வாதம்.

இரண்டு விடைகளும் வெவ்வேறு கேள்விகளுக்கு உரியவை. ஆட்டம் தொடங்கும் முன், முதல் வெற்றி நான்காவது உருட்டலில் வருவதற்கான நிகழ்தகவு 125/1296. மூன்று தோல்விகள் நிகழ்ந்து முடிந்தபின் அடுத்த உருட்டலில் வெற்றி வருவதற்கான நிகழ்தகவு 1/6. முன் நடந்த தோல்விகளைப் பகடை நினைவில் வைத்திருப்பதில்லை. மூன்று முறை தோற்றவரும் அப்போதுதான் ஆட்டத்துக்கு வந்தவரும் ஒரே நிலையில்தான் இருக்கின்றனர். இது நினைவின்மைப் பண்பு எனப்படுகிறது. 1, 2, 3 என்று முழு எண்களில் அமையும் பரவல்களுள் பெருக்குப் பரவல் ஒன்றுக்கே இப்பண்பு உண்டு. பல முறை தோற்றதால் வெற்றி நெருங்கிவிட்டது என்று நம்பும் சூதாடியின் பிழையும் இப்பண்பை அறியாததால் விளைவதே.

தடைபட்ட ஆட்டம்

இரண்டாவது கேள்வி மிகப் பழையது. சம வாய்ப்புள்ள இருவர், குறிப்பிட்ட எண்ணிக்கையிலான ஆட்டங்களை முதலில் வெல்பவருக்கே பணம் என்று ஒப்புக்கொண்டு ஆடுகின்றனர். இடையில் ஆட்டம் நின்றுவிட்டால் பணத்தை எவ்வாறு பிரிப்பது? 1494 இல் லூக்கா பச்சோலி, அதுவரை வென்ற ஆட்டங்களின் விகிதத்தில் பிரிக்கலாம் என்றார். அப்படியானால் ஒரே ஓர் ஆட்டம் முடிந்து நின்றுவிட்டாலும், அதை வென்றவருக்கே முழுப் பணமும் சேரும். இம்முறையின் பொருந்தாமையை 1556 இல் டார்ட்டாக்லியா சுட்டிக்காட்டினார். எனினும் உறுதியான விடையை அவராலும் தர இயலவில்லை.

ஜூலை 29, 1654 நாளிட்ட மடலில் பாஸ்கல் தம் முறையை விளக்கினார். இருவரும் தலைக்கு 32 பொற்காசுகள் வைத்துள்ளனர். மூன்று ஆட்டங்களை முதலில் வெல்பவருக்கு 64 காசுகளும் சேரும். முதலாமவர் இரண்டும் மற்றவர் ஒன்றும் வென்ற நிலையில் ஆட்டம் நிற்பதாகக் கொள்வோம். அடுத்த ஆட்டத்தை முதலாமவர் வென்றால் அவருக்கு 64. தோற்றால் இருவரும் சமநிலைக்கு வருவதால் 32. எப்படியும் 32 அவருக்கு உறுதி. எஞ்சிய 32-இல் பாதி வாய்ப்பு அவருடையது. எனவே அவர் பங்கு 48. இவ்வாறு முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால், 2–0 என்ற நிலையில் 56 காசுகளும் 1–0 என்ற நிலையில் 44 காசுகளும் முதலாமவருக்கு உரியவை.

பெர்மா வேறு வழியில் சென்றார். 1–0 என்ற நிலையில் முதலாமவருக்கு இன்னும் 2 வெற்றிகளும் மற்றவருக்கு 3 வெற்றிகளும் தேவை. அதிக அளவாக 4 ஆட்டங்களில் முடிவு தெரிந்துவிடும். நான்கு ஆட்டங்களுக்கு 16 வழிகள் உண்டு. அவற்றுள் 11 முதலாமவருக்கும் 5 மற்றவருக்கும் சாதகமானவை. 64-இல் 11/16 பங்கு 44 என்பதால் இரு முறைகளும் ஒரே விடையைத் தருகின்றன. பாஸ்கல் இதே எண்களைத் தம் எண் முக்கோணத்தின் 1, 4, 6, 4, 1 என்ற வரிசையிலிருந்தும் பெற்றார்: முதல் மூன்றின் கூட்டுத்தொகை 11, மற்ற இரண்டின் கூட்டுத்தொகை 5. இம்முக்கோணம் பாஸ்கலுக்கு முன்பே பாரசீகத்திலும் சீனாவிலும் அறியப்பட்டிருந்தது. இந்தியாவில் மேரு பிரஸ்தாரம் என்ற பெயரில் 10 ஆம் நூற்றாண்டின் ஹலாயுதர் இதனை விளக்கியுள்ளார். அதன் பண்புகளை முறையாக நிறுவிப் பங்கீட்டுக் கணக்குக்குப் பயன்படுத்தியது பாஸ்கலின் பணி. இது பற்றிய அவருடைய நூல் 1665 இல் வெளிவந்தது.

மேற்கண்ட தீர்வுகள் அனைத்துக்கும் பொதுவான கருத்து ஒன்று உண்டு. பங்கைத் தீர்மானிப்பது இதுவரை வென்ற ஆட்டங்கள் அல்ல. இன்னும் வெல்ல வேண்டிய ஆட்டங்களே.

ரொபெர்வாலின் மறுப்பும் பாஸ்கலின் பிழையும்

பாரிசில் இருந்த கணிதவியலாளர் ரொபெர்வால், பெர்மாவின் முறைக்கு ஒரு மறுப்பை எழுப்பினார். முதலாமவர் இரண்டு ஆட்டங்களிலேயே வென்றுவிட்டால் மற்ற இரண்டும் ஆடப்படமாட்டா. ஆடப்படாத ஆட்டங்களை எவ்வாறு எண்ணலாம்? இருவர் ஆடும்போது அவ்வாறு எண்ணுவதால் முடிவு மாறுவதில்லை என்று பாஸ்கல் விடையளித்தார். ஆனால் ஆகஸ்ட் 24 நாளிட்ட மடலில், மூவர் ஆடும்போது இம்முறை பொருந்தாது என்று அவரே வாதிட்டார்.

முதலாமவருக்கு 1, மற்ற இருவருக்கும் தலைக்கு 2 வெற்றிகள் தேவை என்பது அவர் எடுத்துக்கொண்ட நிலை. மூன்று ஆட்டங்களில் 27 வழிகள். முதல் ஆட்டத்தை முதலாமவரும் அடுத்த இரண்டை இரண்டாமவரும் வெல்லும் வழியைப் பாஸ்கல் இருவருக்கும் சாதகமானதாகக் கொண்டு பணத்தைப் பகிர்ந்தார். இதனால் அவருக்கு 16, 5½, 5½ என்ற பங்குகள் கிடைத்தன; இவை அவருடைய சொந்த முறையின் விடையோடு ஒத்துப்போகவில்லை.

செப்டம்பர் 25 நாளிட்ட மடலில் பெர்மா இதனைத் திருத்தினார். யார் முதலில் இலக்கை அடைந்தார் என்பதே கேள்வி. பின்னர் நிகழ்வது எதுவும் அதனை மாற்றாது. எனவே சரியான பங்குகள் 17, 5, 5. ஆடப்படாத ஆட்டங்களை எண்ணாமலும் இதே விடையைப் பெறலாம் என்று அவர் காட்டினார். முதலாமவர் முதல் ஆட்டத்தில் வெல்லும் வாய்ப்பு 1/3. இரண்டாவதில் முடிப்பது 2/9. மூன்றாவதில் முடிப்பது 2/27. இவற்றின் கூட்டுத்தொகை 17/27. அக்டோபர் 27 அன்று எழுதிய மடலில் பாஸ்கல் பெர்மாவின் முறையை மனமுவந்து பாராட்டினார்.

பாஸ்கல் பரவல்

பெர்மாவின் இரண்டாம் வழி, வெற்றி எந்த ஆட்டத்தில் வந்து சேரும் என்று பிரித்துக் கணக்கிடுவது. இருவர் ஆடிய முந்தைய கணக்கையும் அவ்வாறே செய்யலாம். முதலாமவரின் இரண்டாவது வெற்றி 2 ஆவது ஆட்டத்தில் வரும் நிகழ்தகவு 1/4. 3 ஆவதில் 1/4. 4 ஆவதில் 3/16. கூட்டுத்தொகை 11/16. கடைசி ஆட்டம் கட்டாயம் வெற்றியாக இருக்க வேண்டும். அதற்கு முந்தைய ஆட்டங்களில் எஞ்சிய வெற்றிகள் எந்த வரிசையிலும் வரலாம். இதுவே எதிர்ம ஈருறுப்புப் பரவல்.

பொதுவாக, ர வெற்றிகள் தேவைப்படும்போது, ர ஆவது வெற்றி ந ஆவது முயற்சியில் கிடைக்கும் நிகழ்தகவைப் பெற மூன்று எண்களைப் பெருக்க வேண்டும்: முந்தைய (ந − 1) முயற்சிகளில் (ர − 1) வெற்றிகளைத் தேர்ந்தெடுக்கும் வழிகளின் எண்ணிக்கை, ப-இன் ர ஆவது அடுக்கு, (1 − ப)-இன் (ந − ர) ஆவது அடுக்கு. ர = 1 எனில் இது பெருக்குப் பரவலாகிறது. ஒவ்வொரு வெற்றிக்குப் பின்னரும் காத்திருப்பு புதிதாகத் தொடங்குவதால், இது ர பெருக்குப் பரவல்களின் கூட்டாகும். எனவே சராசரி ர/ப. பரவற்படி ர(1 − ப)/ப². அடுக்கு எதிர்ம எண்ணாக உள்ள ஈருறுப்பு விரிவிலிருந்து இதன் உறுப்புகள் கிடைப்பதே பெயருக்குக் காரணம். சில நூல்கள் முயற்சிகளை எண்ணாமல் தோல்விகளை மட்டும் எண்ணுகின்றன; அப்போது சராசரியில் ர குறையும்.

ஈருறுப்புப் பரவலில் முயற்சிகளின் எண்ணிக்கை நிலையானது, வெற்றிகளின் எண்ணிக்கை மாறுவது. பாஸ்கல் பரவலில் வெற்றிகளின் எண்ணிக்கை நிலையானது, முயற்சிகளின் எண்ணிக்கை மாறுவது. பெர்மாவின் இரு வழிகளும் முறையே இவ்விரண்டையும் சார்ந்தவை.

சமய வாழ்க்கையும் மறைவும்

கடைசி மடலுக்கு ஒரு மாதம் நிறைவதற்குள், நவம்பர் 23, 1654 இரவில் பாஸ்கலுக்கு ஆழ்ந்த சமய அனுபவம் ஒன்று ஏற்பட்டது. அதனைப் பற்றி எழுதிய தாளைத் தம் மேலங்கியின் உட்புறத்தில் தைத்து வைத்திருந்தார். அவர் இறந்த பின்னரே அது தெரியவந்தது. அதன்பின் போர்-ரோயாலைச் சார்ந்த ஜான்சனிய இயக்கத்துடன் நெருங்கினார். 1656-57 இல் அவ்வியக்கத்தைக் காத்து, ஏசு சபையினரைக் கண்டித்து 18 மடல்களைப் புனைபெயரில் வெளியிட்டார். கிறித்தவ சமயத்தைப் பற்றி எழுதத் திட்டமிட்ட பெருநூலின் குறிப்புகள் 1670 இல் சிந்தனைகள் என்ற பெயரில் வெளிவந்தன. கடவுளை நம்புவதைப் பந்தயமாகக் கருதி ஆதாயத்தையும் இழப்பையும் எடைபோடும் புகழ்பெற்ற வாதம் அதில் உள்ளது.

1658 இல் சிறிது காலம் உருள்வளைவு பற்றிய ஆய்வுக்குத் திரும்பியது தவிர, அவர் கணிதத்தில் பெரிதாக ஈடுபடவில்லை. 1660 இல் பெர்மா அவரைச் சந்திக்க விரும்பி எழுதினார். கைத்தடியின்றி நடக்கவும் இயலாத நிலையில் இருந்த பாஸ்கல் வர இயலாது என்று விடையளித்தார். இருவரும் ஒருமுறையேனும் நேரில் சந்தித்ததில்லை. மார்ச் 1662 இல், 5 சூ கட்டணத்தில் ஏறிச் செல்லும் குதிரை வண்டிச் சேவை பாஸ்கலின் முயற்சியால் பாரிசில் தொடங்கியது. அவ்வாண்டு ஆகஸ்ட் 19 அன்று, 39 ஆம் வயதில், ஜில்பேர்த்தின் இல்லத்தில் அவர் இறந்தார். பாரிசின் செயின்ட் எட்டியேன் டு மோன் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

பிற்காலத் தாக்கம்

பாஸ்கலும் பெர்மாவும் விவாதித்த கணக்குகளைக் கேள்வியுற்ற கிறிஸ்டியான் ஹைகன்ஸ், 1657 இல் நிகழ்தகவு பற்றிய முதல் அச்சு நூலை வெளியிட்டார். ஆட்டக்காரர்களின் திறன் சமமாக இல்லாத நிலைக்கான பங்கீட்டு விடையை 1713 இல் மோன்மோர் வெளியிட்டார். எதிர்ம ஈருறுப்புப் பரவலின் பொது வடிவம் அதில் காணப்படுகிறது.

20 ஆம் நூற்றாண்டில் இப்பரவல் சூதாட்டத்துக்கு வெளியே பயன்படத் தொடங்கியது. 1920 இல் கிரீன்வுட், யூல் ஆகியோர் வெடிபொருள் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு நேர்ந்த விபத்துகளின் எண்ணிக்கையை ஆராய்ந்தனர். ஒவ்வொருவருக்கும் விபத்து நேரும் வாய்ப்பு வேறுபடுவதாகக் கொண்டபோது எதிர்ம ஈருறுப்புப் பரவல் கிடைத்தது. தோல்விகளை எண்ணும் வடிவில் இதன் பரவற்படி சராசரியைவிட மிகுந்திருக்கும். இதனால் பூச்சிகளின் எண்ணிக்கை, நோய்த்தொற்றுப் பரவல் போன்ற, சீராக அமையாத எண்ணிக்கைகளை விளக்க இது ஏற்றது. இப்பயன்பாடுகளில் ர முழு எண்ணாக இருக்க வேண்டியதில்லை. முழு எண்ணாக உள்ளபோது மட்டும் பாஸ்கல் பரவல் என்று அழைப்பது வழக்கம்.

அழுத்தத்தின் அனைத்துலக அலகுக்கு 1971 இல் பாஸ்கல் என்று பெயரிடப்பட்டது. நிக்லாஸ் விர்த் 1970 இல் வெளியிட்ட கணினி நிரல் மொழியும் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.